மாதவிடாய் வலிக்கு எது கேட்கும்: மாத்திரையா, ஒத்தடமா, சுக்கா?

பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து தர்மபுரிக்குப் படிக்க வரும் பெண்களின் பையைத் துழாவினால், பேனாக்களுக்கு நடுவே மாத்திரை அட்டை ஒன்று தட்டுப்படும். வலியைக் குறைக்கும் மெஃபனாமிக் அமிலம் 250 மில்லிகிராம், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை. அம்மாவைக் கேட்டால் சுக்குத் தண்ணி என்பார், பாட்டியைக் கேட்டால் மோரில் வெந்தயம் என்பார். அப்பாவை யாரும் கேட்பதில்லை.

என் ஓட்டு மாத்திரைக்கும் ஒத்தடத்துக்கும். கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அதுதான் கர்ப்பப்பையை இறுக்கிப் பிழிகிறது. அன்றைக்கு வயிறு இளகிப் போவதற்கும் குமட்டலுக்கும் காரணம் அதுவே. மெஃபனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் அது உருவாவதைத் தடுக்கும். ஏற்கெனவே ஊறியதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் வலி கிளம்பும்போதே போட்டவளுக்குக் கேட்கிறது, சுருண்டு படுத்த பிறகு போட்டவளுக்கு அவ்வளவு சீக்கிரம் கேட்பதில்லை. பாராசிட்டமால் போடலாம், ஆனால் இந்த வலிக்கு அதன் சக்தி குறைவு.

மாத்திரைக்குப் பழி வருவது பெரும்பாலும் வெறும் வயிற்றால். முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் பச்சைத் தண்ணியில் மாத்திரையை விழுங்கினால், இரண்டாவது பீரியடில் நெஞ்செரிச்சல் தொடங்கிவிடும். "மாத்திரை ஒத்துக்கல" என்று பேர் கட்டிவிடுவார்கள். ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுப் போட்டால் பாதிப் புகார் இருக்காது. பரீட்சை ஹாலில் வாய் வறண்டு, கண் மங்கி, தூக்கம் சொக்கினால் அது டைசைக்ளோமின் வேலை. அது சேராத மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கலாம். ஆஸ்துமா, அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மெஃபனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன் வகையைத் தாமாகப் போடக் கூடாது. டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சலிலும் கூடாது. மெஃபனாமிக் அமிலத்தால் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. தோலில் தடிப்பும் காய்ச்சலும் கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"மாத்திரை போட்டா நாளைக்குக் குழந்தை தங்காது" என்பது வெறும் பயமுறுத்தல். மாதம் ஒன்றிரண்டு நாள் போடும் வலி மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுக்காது.

ஒத்தடத்தை இளக்காரமாக நினைப்பவர்கள் உண்டு. அடிவயிற்றில் சுமார் 39 டிகிரி செல்சியஸ் சூட்டைப் பல மணி நேரம் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், ஐபுபுரூஃபனுக்கு ஈடாக வலி குறைந்தது. ஹாஸ்டலில் சுடுதண்ணிப் பைக்கு எங்கே போவது? மெஸ் வெந்நீரை ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, துண்டைச் சுற்றி வைத்துக்கொண்டால் போதும். வெறும் தோலில் வைத்தால் சுட்டுவிடும். குறை என்னவென்றால், இதை வகுப்பில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது.

பாட்டி வைத்தியத்தில் சுக்குக்குத்தான் கொஞ்சம் சாட்சி இருக்கிறது. நாளொன்றுக்கு 750 முதல் 2000 மில்லிகிராம் இஞ்சிப் பொடியை முதல் மூன்று நான்கு நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. வெந்தயத்துக்குச் சிறிய ஆய்வுகளே உண்டு. ஓமத் தண்ணி உப்புசத்துக்கு இதமாக இருக்கலாம், வலிக்கு நம்ப முடியாது.

சகித்துக்கொள்வது ஒரு வழியே இல்லை. சாப்பிட்டு, நேரத்துக்குப் போட்டும் இரண்டு மூன்று மாதம் மாத்திரை கேட்கவில்லை, மாதாமாதம் வகுப்புக்கு லீவு, தேதி இல்லாத நாளிலும் வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) போன்ற வேறு காரணம் இருக்கலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். போவதற்கு முன் பேசிக் கேட்க அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104 இருக்கிறது. "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு உள்ளே விட்டுப் பரிசோதிப்பாங்களோ" என்று தயங்கும் அம்மாக்களுக்கு: பெரும்பாலும் வயிற்றின் மேல்தான் ஸ்கேன் எடுப்பார்கள். நிறையத் தண்ணி குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.