தாண்டலா, மோப்பமா, ஓட்டமா? வீட்டு நாய்க்கு எந்த விளையாட்டு ஒத்துவரும்

காலையும் மாலையும் தெருவைச் சுற்றி வந்த பிறகும் நாய் சோபாவைக் குதறுகிறதா? நடை போதவில்லை என்று நினைத்துப் பலரும் இன்னும் இரண்டு தெரு சேர்த்து நடக்கிறார்கள். நாய்க்குத் தெம்பு கூடுகிறது, சோபா தப்புவதில்லை. கால் அலுத்தாலும் மூளை அலுக்காத நாய் அப்படித்தான் இருக்கும். மூளைக்கும் சேர்த்து வேலை தரும் மூன்று விளையாட்டுகள் இருக்கின்றன: தடைகளைத் தாண்டி ஓடும் அஜிலிட்டி, ஒளித்ததை மூக்கால் கண்டுபிடிக்கும் மோப்பத் தேடல், நாயோடு சேர்ந்து ஓடும் கேனிகிராஸ். மூன்றும் வெளிநாடுகளில் வளர்ந்தவை. நம் வெயிலிலும் மாடிவீட்டிலும் அவை ஒரே மாதிரி எடுபடுவதில்லை.

அஜிலிட்டிதான் பார்க்க அழகு. 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை நிரப்பக் குதிரைத் தாண்டலைப் பார்த்து அமைத்த விளையாட்டு இது. தாண்டு கம்பு, குழாய்ச் சுரங்கம், சீசா என்னும் ஏற்ற இறக்கப் பலகை, முக்கோண ஏற்றப்பலகை, 60 செ.மீ. இடைவெளியில் நட்ட 12 கம்புகளுக்குள் வளைந்து வளைந்து ஓடும் வீவ் என்று ஒரு சுற்று. சர்வதேச விதிப்படி தோள் உயரம் 48 செ.மீ.-ஐத் தொட்ட நாய்கள் பெரிய பிரிவு. அவற்றுக்குக் கம்பு 55 முதல் 60 செ.மீ. வரை. 35 செ.மீ.-க்குக் குறைவான குட்டை நாய்களுக்கு 25 முதல் 30. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் பெரிய பிரிவில்தான் வரும். வீட்டில் யாரும் அந்த உயரத்தைத் துரத்த வேண்டியதில்லை. நாயின் முழங்கை மட்டத்துக்குக் கம்பு வைத்தாலே போதும்.

போட்டிக் களம் 20-க்கு 40 மீட்டர். பழக்கத்துக்கு இரண்டு தாண்டலும் ஒரு சுரங்கமும் வைக்கிற அளவு மண்தரை இருந்தால் தொடங்கிவிடலாம். ஹார்டுவேர் கடையில் வாங்கும் முக்கால் அங்குல பிவிசி பைப்பே தாண்டு கம்பாகும். பைப்பைக் கயிற்றால் இறுகக் கட்டிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. நாயின் கால் பட்டால் கம்பு உருண்டு விழ வேண்டும். விழாத கம்பு காலை முறிக்கும். குழந்தைகளுக்கு விற்கும் துணிச் சுரங்கம் மலிவுதான், ஆனால் இருபுறமும் மணல்மூட்டை அண்டக் கொடுக்காவிட்டால் நாய் உள்ளே இருக்கும்போதே உருளும். ஒருமுறை உருண்டால் அடுத்த மாதம் வரை அதன் பக்கமே போகாது. சீசாவின் மறுமுனை தரையில் விழும் ‘டம்’ சத்தமும் அப்படித்தான். முதல் சில வாரங்களுக்கு விழும் முனைக்குக் கீழே பழைய மெத்தை போடுங்கள்.

மொட்டைமாடி சிமெண்ட் தரையில் தாண்ட விடவே கூடாது. இறங்கும் அதிர்ச்சி முழுவதும் முன்கால்களிலும் தோளிலும் விழுகிறது. எலும்பு வளர்ச்சி முடியாத நாய்க்குத் தாண்டல் வேண்டாம்: சின்ன இனங்களுக்கு ஒரு வயது, பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது ஆகட்டும். அதுவரை கம்பைத் தரையிலேயே கிடத்தி அதன்மேல் நடக்கப் பழக்கலாம். வீவ் பழக்கும்போது 12 கம்பையும் ஒரே நாளில் நடாமல் இரண்டில் தொடங்குங்கள். முதல் கம்பு எப்போதும் நாயின் இடது தோள் பக்கம் வர வேண்டும். நாய் தடம் மாறினால் பெரும்பாலும் குற்றம் அதனுடையதல்ல. நம் வாய் ‘சுரங்கம்’ என்று கத்தும், பாதமும் தோளும் கம்பைப் பார்த்துத் திரும்பியிருக்கும். நாய் பாதத்தைத்தான் நம்பும்.

மோப்பத் தேடலுக்கு ஒரு ஹால் போதும். போலீஸ் மோப்ப நாய்களின் வேலையை வீட்டு நாய்க்கு ஏற்ற விளையாட்டாக அமெரிக்காவில் 2006 வாக்கில் வடிவமைத்தார்கள். அங்கே நாய் தேடும் வாசனைகள் பிர்ச் மர எண்ணெய், சோம்பு போல மணக்கும் அனைஸ், கிராம்பு. கிராம்பு எண்ணெய் பல்வலிக்காக நம் மருந்துக் கடைகளிலேயே கிடைப்பதால் இந்த விளையாட்டுக்குப் பொருள் தேடி அலைய வேண்டாம்.

முதலில் வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். ஆறு அட்டைப்பெட்டிகளைத் தரையில் பரப்பி, ஒன்றில் மட்டும் வேகவைத்த கோழித்துண்டு வையுங்கள். அந்தப் பெட்டிக்கு அடையாளம் போட்டு வையுங்கள், பிறகு அதைக் காலிப்பெட்டியாகப் பயன்படுத்தாதீர்கள். நாய் கண்டுபிடித்ததும் அந்தப் பெட்டிக்குள்ளேயே மேலும் இரண்டு துண்டு போட வேண்டும். கூப்பிட்டுக் கையில் கொடுத்தால் நாய் மூக்கை விட்டுவிட்டு உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கும். ஒரு அமர்வுக்கு நான்கைந்து தேடல், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள்.

இரண்டு மூன்று வாரம் கழித்துக் கிராம்பு. காது குடையும் பஞ்சுக்குச்சிகளைப் பாதியாக வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். குச்சி ஈரமாக இருக்கக் கூடாது, மணந்தால் போதும். இடுக்கியால் எடுத்து, ஓட்டை போட்ட சின்ன டப்பாவில் அடைத்து, தீனியோடு சேர்த்து ஒளியுங்கள். நாளடைவில் தீனியை எடுத்துவிட்டு, கண்டுபிடித்த பின் கூலியாக மட்டும் கொடுக்கலாம். எண்ணெய் பட்ட கையால் மற்றப் பெட்டிகளைத் தொட்டால் எல்லாமே மணக்கும். நாய் குழம்பும், நாம் அதை மக்கு என்போம். நாய் குச்சியை விழுங்காதபடி டப்பா இறுக மூடியிருக்கட்டும். கிராம்பு எண்ணெய் வயிற்றுக்குள் போனால் கேடு.

நம் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: சீலிங் ஃபேன். ஓடும் ஃபேன் வாசனையை எதிர்மூலைக்குத் தள்ளிக் குவித்துவிடும். நாய் அங்கே நின்று சுற்றினால் தவறு செய்கிறது என்று பொருளல்ல, வாசனை தேங்கிய இடத்தைச் சரியாகச் சொல்கிறது. தொடக்கத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பழக்கி, பிறகு போட்டுப் பாருங்கள். ஒளித்த இடத்தை உங்கள் கண் காட்டிக்கொடுக்கும் என்பதால் வேறொருவரை ஒளிக்கச் சொல்வது நல்லது. வயதான நாய், கால் ஊனமான நாய், அந்நியரைக் கண்டால் நடுங்கும் நாய் என எல்லாமே ஆடலாம். சித்திரை வெயிலில் நடுப்பகலிலும் வீட்டுக்குள் ஆட முடிகிற விளையாட்டு மூன்றில் இது ஒன்றுதான். வேண்டியது நாயின் மூச்சிரைப்பு அடங்கியிருப்பது மட்டும். இரைக்கும் வாயோடு சரியாக மோப்பம் பிடிக்க முடியாது.

கேனிகிராஸ் என்பது நாயை இடுப்பு பெல்ட்டில் பூட்டிக்கொண்டு ஓடுவது. பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களைப் பனியில்லாக் காலத்தில் பழக்கியதிலிருந்து வந்தது. கழுத்துப்பட்டையில் கட்டி இழுக்க விடக்கூடாது. தோள் அசைவைத் தடுக்காத ஹார்னஸ் என்னும் மார்புப்பட்டை, சுமார் இரண்டு மீட்டர் நீளும் இழுவைக் கயிறு, இடுப்பெலும்பில் உட்காரும் பெல்ட் ஆகிய மூன்றும் வேண்டும். இதை நான் கடைசியில்தான் வைப்பேன். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது. சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் நாக்கின் ஈரம் எளிதில் ஆவியாகாது. கடற்கரை ஊர்களில் மார்கழி, தை விடியற்காலை தவிர மற்ற நாளில் ஓட்டமே வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தத் தடை குறைவு. புறங்கையை ஏழு வினாடி தார்ச்சாலையில் வைக்க முடியாவிட்டால் பாதமும் தாங்காது. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் உடனே தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குளிர்வித்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். இயல்பு வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ்; 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

தெருநாய்க் கூட்டம் இன்னொரு தலைவலி. எல்லைக்குள் ஓடிவரும் நாயை அவை சும்மா விடாது. பெல்ட்டில் ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கி இல்லையென்றால் சண்டைக்கு நடுவில் கீழே விழுவது நீங்கள்தான். பக், புல்டாக் போன்ற சப்பைமூக்கு நாய்களுக்கு இந்த ஓட்டம் கூடவே கூடாது. சிப்பிப்பாறை முயல் துரத்தப் பிறந்தது. ஒரே பாய்ச்சலில் தீர்த்துவிட்டு நிற்கும், ஐந்து கிலோமீட்டர் நிதான ஓட்டம் அதன் சுபாவமில்லை.

அடுக்குமாடியில் எட்டு மாத லேப்ரடார் வைத்திருப்பவர் இப்போதே மோப்பத் தேடலைத் தொடங்கலாம். தாண்டலுக்கு இன்னும் பத்து மாதம் காத்திருக்கட்டும். இரண்டையும் ஆடத் தொடங்கியதும் உடுப்பைப் பிரித்துவிடுங்கள். மோப்பத்துக்கு ஹார்னஸ், அஜிலிட்டிக்கு எதுவும் மாட்டாத வெறும் கழுத்து. ஹார்னஸ் முதுகில் ஏறியதுமே மூக்கு தரைக்குப் போய்விடும்.