அப்பாவின் குறட்டையும் திருச்சியில் ஒரு ஸ்லீப் டெஸ்டும்

இந்த முறை ஊருக்குப் போனபோது அதிகம் அலைந்தது அப்பாவின் தூக்கத்துக்காகத்தான். சிங்கப்பூரிலிருந்து வாங்கிக் கொடுத்திருந்த ஆப்பிள் வாட்ச், ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் நோய்) அறிகுறி தெரிகிறது என்று எச்சரித்திருந்தது. மணிக்கட்டின் நுண்ணிய அசைவுகளை வைத்து மூச்சுத் தடங்கலைக் கணிக்கும் வசதி அது. 2024-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. முப்பது நாள் கணக்கைப் பார்த்துத்தான் வாய் திறக்கும். அப்போதும் ‘டாக்டரைப் பாருங்கள்’ என்பதோடு சரி. எச்சரிக்கை வராததாலேயே நோய் இல்லை என்றும் ஆகிவிடாது.

திருச்சியில் பார்த்த நுரையீரல் டாக்டர் வாட்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழுத்தளவு எடுத்தார், பி.பி. பார்த்தார், பகலில் எப்போதெல்லாம் கண் சொக்குகிறது என்று கேட்டார்.

“பேப்பர் படிக்கறப்ப மட்டும்தான் டாக்டர்.”

அம்மா விடவில்லை. “கல்யாண வீட்ல எலை முன்னாடியே தூங்கி வழிஞ்சீங்களே, அதையும் சொல்லுங்க.”

ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே டெஸ்ட் எடுக்கலாம் என்றார் டாக்டர். சாயங்காலம் ஒரு தம்பி வந்து நெஞ்சில் பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்ஸிஜன் கிளிப் எல்லாம் மாட்டிவிட்டு, கிளிப் நழுவாதபடி பிளாஸ்திரியும் போட்டார். காலையில் சொன்ன நேரத்துக்கு வந்து கழற்றிக்கொண்டு போனார். 4,000 ரூபாய், ரசீதோடு. இந்தச் சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எரிச்சல் வந்தது அடுத்துத்தான். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே, தூங்கும்போது மூச்சு தடைப்படாமல் மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷின் விற்கிற ஒருவர் அப்பாவுக்குப் போன் போட்டு, “சார், சிபாப் ஸ்டாக் இருக்கு, இன்னைக்கே எடுத்தா டிஸ்கவுண்ட்” என்கிறார். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன், லைன் கட்.

ரிப்போர்ட்டில் மணிக்கு 38 தடங்கல். ஐந்துக்குக் கீழே இருந்தால் நார்மல், 30-ஐத் தொட்டால் கடுமை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த வீட்டுக் கருவி மூளை அலைகளைப் பதிவதில்லை. எது தூக்கம், எது விழிப்பு என்று அதற்குத் தெரியாது. மொத்தத் தடங்கல்களை, அப்பா எழுந்து உட்கார்ந்திருந்த நேரத்தையும் சேர்த்தே வகுக்கிறது. அதனால் நிஜத்தைவிட எண் குறைவாக வர வாய்ப்புண்டு. ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது ‘நார்மல்’ என்று வந்தும் பகல் தூக்கம் தீரவில்லையென்றால், தலையில் ஒயர் ஒட்டி லேபில் எடுக்கும் முழு டெஸ்டையும் கேளுங்கள்.

மெஷினை உடனே வாங்க வேண்டாம், முதலில் வாடகைக்கு எடுத்து முகத்துக்கு எந்த மாஸ்க் ஒத்துவருகிறது என்று பார்க்கலாம் என்றார் டாக்டர். அப்படியே செய்தோம். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், ஆகவே இன்வெர்ட்டர் லைனில் மாட்டச் சொல்லுங்கள். ஈரப்பதத் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் கேட்டால், பெட்ரோல் பங்க்கில் பேட்டரித் தண்ணீரை எடுத்து நீட்டுகிறார்கள். அதை வாங்காதீர்கள், மெடிக்கல் ஷாப்பில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள்.