டச்சப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் கலர் நம்பரை நம்பி வாங்காதீர்கள்

சில்வர், கிரே போன்ற மெட்டாலிக் நிறக் கார் வைத்திருப்பவர்கள் டச்சப் பெயிண்ட் (கீறலை மறைக்கத் தொட்டு வைக்கும் பெயிண்ட்) வாங்கப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். பாட்டில்மேல் உங்கள் வண்டியின் கலர் கோடு நம்பர் இருக்கிறது என்பதற்காக உள்ளேயும் அதே பெயிண்ட்தான் இருக்கும் என்று அர்த்தமில்லை. ஸ்டிக்கர் அடிக்க யாராலும் முடியும்.

என்னுடையது மாருதி, சில்க்கி சில்வர், நம்பர் இசட்2எஸ். (பெரும்பாலான வண்டிகளில் இது பானெட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டிலோ, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ இருக்கும்.) பார்க்கிங்கில் யாரோ ஸ்கூட்டர் ஹேண்டிலால் பின்கதவை உரசிவிட்டுப் போக, விரல் நீளத்துக்கு அடியில் இருக்கும் பிரைமர் பூச்சு தெரிந்தது. பட்டறையில் கேட்டால் கதவு முழுக்க அடிக்க வேண்டும் என்றார்கள். சின்னக் கீறல்தானே, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சென்னையில் உதிரிபாகக் கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு தெருவுக்குப் போனேன்.

நம்பரைச் சொன்னதும் கடைக்காரர் உள்ளே போய் ஒரு 50 மில்லி பாட்டிலோடு வந்தார். "கம்பெனி கலர் சார், கண்ண மூடிட்டு அடிங்க." நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாப் பூச்சான கிளியர் கோட் தனியாக வேண்டுமே என்றேன். "அதெல்லாம் இதுலயே கலந்திருக்கு சார்." 450 ரூபாய். பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு.

அந்தக் 'கலந்திருக்கு' இருக்கிறதே, அதுதான் பெரிய புளுகு. மெட்டாலிக் பெயிண்டில் நிறம் ஒரு அடுக்கு, பளபளப்பு இன்னொரு அடுக்கு. அலுமினியத் துகள் கலந்த பேஸ் கோட் காய்ந்தால் மங்கலாகத்தான் இருக்கும். அதன்மேல் அடிக்கும் கிளியர்தான் மினுமினுப்பைக் கொடுக்கும், வெயிலையும் தாங்கும். அதிலும் துகள்கள் ஸ்ப்ரே கன்னில் அடிக்கும்போது ஒரு மாதிரியும், பிரஷ்ஷில் தொட்டு வைக்கும்போது வேறு மாதிரியும் படுக்கும். அதனால் சரியான பெயிண்டே ஆனாலும் சில கோணத்தில் ஒரு படி கறுத்துத் தெரியும். அந்த அளவு வித்தியாசத்துக்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் ஓரத்தை லேசாகத் தேய்த்து, சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, சின்ன பிரஷ்ஷால் மெல்லிசாக இடைவெளி விட்டு விட்டுத் தொட்டு வைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் இரும்பு கேட்டுக்கு அடித்த மாதிரி வெள்ளிப் பூச்சு! துணியால் துடைத்தால் துணியில் வெள்ளி. விரலிலும் வெள்ளி. தெரிந்த பெயிண்டர் ஒருவரிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்ததுமே, "இது கேட் பெயிண்டுண்ணே" என்றார். அந்த வகை அலுமினியம் பெயிண்டில் துகள் மேலே மிதந்து வந்து நிற்கும், அதனால்தான் கையில் ஒட்டும். கார் பேஸ் கோட்டில் போடும் துகள் அப்படி மேலே வராது.

கடைக்குத் திரும்பிப் போனால் பதில் தயாராக இருந்தது: "வண்டி வெயில்ல நின்னு கலர் மாறியிருக்கும் சார்." வெயிலில் நிறம் வெளுப்பது உண்மைதான். ஒரே நம்பரில் சற்றே மாறுபட்ட சாயல்கள் இருப்பதும் உண்மைதான். ஆனால் வெயிலில் நின்றது என் கார், கையில் ஒட்டுவது அவர் பெயிண்ட். திறந்த பாட்டிலைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று முடித்துவிட்டார். பூசியதை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தெடுத்தேன். உங்களுக்கும் இப்படி ஆனால் அவசரப்பட்டுத் தின்னரைத் தொடாதீர்கள், ஏற்கெனவே ரீபெயிண்ட் செய்த இடமாக இருந்தால் அடியில் இருப்பதும் சேர்ந்து கரைந்துவிடும்.

ரெடிமேட் பாட்டிலை விட்டுவிட்டு, தராசு வைத்து ஃபார்முலாப்படி கலந்து தரும் கடைக்குப் போங்கள். வண்டியின் நிறத்திலேயே இருக்கும் பெட்ரோல் டேங்க் வெளிமூடியைக் கழற்ற முடிந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள். கலந்த பெயிண்டை ஒரு அட்டையில் பூசி, மேலே கிளியரும் வைத்து, காய்ந்த பிறகு வெளியே வெயிலில் மூடியோடு சேர்த்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறமும் டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியும் நிறமும் கணக்கில் வராது. இதற்குச் சலித்துக்கொள்ளும் கடையில் வாங்காதீர்கள். "டூ-கே கிளியர், ஹார்டனர் கலந்தே இருக்கு" என்று சாதாரண மூடி போட்ட பாட்டிலை நீட்டினால் அதுவும் பொய்தான். டூ-கே கிளியரை இறுக வைக்க, அடிக்கும் நேரத்தில் தனியாகக் கலக்கும் திரவம்தான் ஹார்டனர். அதைக் கலந்தால் சில மணி நேரத்தில் பாட்டிலோடு இறுகிவிடும், அலமாரியில் வைத்து விற்க முடியாது.

பொட்டலமிட்ட பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதம், எம்ஆர்பி இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு விதி. என் பாட்டிலில் கலர் நம்பரைத் தவிர எதுவும் இல்லை. துண்டுச் சீட்டையும் பாட்டில் படத்தையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். இதே மாதிரி பாட்டில் யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போடாமல் வைத்திருந்து நீங்களும் அங்கே சொல்லுங்கள்.