சைடு ப்ராஜெக்டை முடிக்க வைக்கும் கிட்ஹப் பேஜஸ்

ஓய்வு நேரத்தில் சொந்தமாகச் செய்கிற எந்த சைடு ப்ராஜெக்டை எடுத்தாலும் மூளைக்கு வேலை வைக்கும் பகுதி முதல் சில இரவுகளிலேயே முடிந்துவிடும். அப்புறம் லாகின், பாஸ்வேர்டு மறந்தவருக்கு மெயில், டேட்டாபேஸ், சர்வர் என்று அலுவலகத்தில் நாள் முழுக்கச் செய்கிற அதே வேலை வரிசை கட்டி நிற்கும். ஆர்வம் வடிந்துபோவது அங்கேதான். கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் தரும் கிட்ஹப் பேஜஸ் என்ற சேவை அந்த வரிசையையே வெட்டிவிடுகிறது. அதனால்தான் பாதியில் நிற்கும் ப்ராஜெக்ட் வைத்திருக்கும் எல்லோரிடமும் இதைச் சொல்லிவருகிறேன்.

2008 இறுதியில் வந்த சேவை இது. ரெப்போவில், அதாவது ப்ராஜெக்டின் கோப்புகளை கிட்ஹபில் வைத்திருக்கும் இடத்தில், உள்ள ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை இணையதளமாகக் காட்டும், அவ்வளவுதான். சர்வர் பக்கம் உங்கள் கோட் எதுவும் ஓடாது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், சைடு ப்ராஜெக்டுக்கு இதைவிட நல்ல கட்டுப்பாடு கிடையாது.

படத்துக்கும் சப்டைட்டிலுக்கும் சில விநாடி முன்னே பின்னே இருந்தால் சரிசெய்யும் கருவி ஒன்று எழுதினேன். சப்டைட்டில் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பில் நேரம் 00:01:12,500 என்ற வடிவில் இருக்கும். மில்லிசெகண்டுக்கு முன்னால் வருவது புள்ளி அல்ல, காற்புள்ளி. அதைப் பிரித்து, கூட்டியோ கழித்தோ, பூஜ்யத்துக்குக் கீழே போய்விடாமல் பார்த்துத் திரும்ப எழுத வேண்டும். ரசித்துச் செய்த வேலை அது. ஆனால் என் திட்டக் குறிப்பில் பயனர் கணக்கு, பழைய கோப்புகளின் பட்டியல், ஃபோன் ஆப் என்று இன்னும் ஏகப்பட்டது இருந்தது. பேஜஸில்தான் போடுவது என்று முடிவானதும் அதெல்லாம் தானாகக் கழன்றுவிட்டது. கோப்பை பிரவுசரே படிக்கிறது, பிரவுசரே திருத்திக் கொடுக்கிறது. யாருடைய கோப்பும் அவர் கணினியை விட்டு வெளியே போவதில்லை. ஒரு பக்கம், ஒரு பெட்டி, ஒரு பட்டன்: முடிக்கக்கூடிய அளவு அதுதான்.

வெளியிடுவதும் சுலபம். ரெப்போவின் செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குப் போய், மெயின் பிராஞ்சை (கோடின் முதன்மைப் பிரதியை) தேர்ந்தெடுத்து சேமித்தால் சில நிமிடங்களில் முகவரி வந்துவிடும். பக்கத்தில் தலைப்பு மட்டும் இருக்கும் முதல் நாளிலேயே இதைச் செய்துவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு புஷ்ஷும், அதாவது மாற்றங்களை கிட்ஹபுக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும், ஒரு வெளியீடுதான். என் நண்பர் லிங்கைத் திறந்து பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் உடைஞ்சு வருதே" என்றார். அவருடைய கோப்பு இப்போது வழக்கமான எழுத்துக் குறியீட்டு முறையான யூடிஎஃப்-8இல் இல்லை, விண்டோஸ்-1252 என்ற பழைய முறையில் இருந்தது. அன்று இரவே அதையும் படிக்கும்படி மாற்றினேன். எதிர்பார்த்துக் காத்திருக்க ஓர் ஆள் இருந்தால் மிச்ச வேலையைத் தள்ளிப்போட மனம் வராது.

இன்னொன்று, முடித்ததைக் காப்பாற்றும் பாடு. ஆப்களை ஓடவிட சர்வர் தரும் ஹெரோக்கு 2022 நவம்பர் 28 முதல் இலவசத் திட்டங்களை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த சின்னச் சின்ன ஆப்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. வெறும் கோப்புகளாக இருக்கும் தளத்தை எங்கே வேண்டுமானாலும் காப்பி செய்து வைத்துக்கொள்ளலாம்.

வரம்புகளையும் சொல்லிவிடுகிறேன். இலவசக் கணக்கில் ரெப்போ பப்ளிக்காக இருக்க வேண்டும். தளம் 1 ஜிபியைத் தாண்டக்கூடாது. மாதத்துக்கு 100 ஜிபி டிராஃபிக் வரை என்பது கொஞ்சம் நெகிழ்வான எல்லை. இணையக் கடை நடத்த அனுமதி இல்லை. ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பில் எல்லாப் பக்கங்களையும் காட்டும் ஒற்றைப் பக்க ஆப்பில் உள்பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் 404 (பக்கம் இல்லை என்ற பிழை) வரும், # குறிக்குப் பின்னால் பக்கத்தின் பெயர் வரும் ஹாஷ் முகவரிக்கு மாறினால் சரியாகிவிடும்.

பலர் ஒரே தரவைப் பகிர்ந்துகொள்ளும் ஆப் என்றால் இது போதாது, வேறு இடம் பாருங்கள். மற்றபடி சொந்த டொமைன் வாங்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எப்போது சேர்த்தாலும் ஹெச்டிடிபிஎஸ் இலவசமாகவே கிடைக்கும்.