இசகாயாவா, சுழல் சுஷிக் கடையா?

ஜப்பானில் நண்பர்களோடு இரவுச் சாப்பாட்டுக்குப் போவதென்றால் என் ஓட்டு இசகாயாவுக்குத்தான்; குடிக்கவும் கொறிக்கவும் போகிற ஜப்பானிய மதுக்கடை அது. யாக்கிதோரி (குச்சியில் குத்திச் சுட்ட கோழி), எடமாமே (வேகவைத்த பச்சை சோயா), பொரித்த கோழி என்று ஒவ்வொன்றாக வரவழைத்து, பங்கிட்டுத் தின்றபடி நிதானமாகப் பேசலாம். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும்; ஓதோஷி என்பார்கள். இலவசமில்லை, தலைக்குச் சில நூறு யென் பில்லில் ஏறும். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், அது அங்குள்ள வழக்கம். டிப்ஸ் கிடையாது.

1958-இல் ஒசாகா பக்கம் தொடங்கிய சுழல் சுஷி, அதாவது ஓடும் பட்டையில் சுஷித் தட்டுகள் நம் முன்னால் வரும் கடை, தனியாகப் போகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தோது. பல கடைகளில் தட்டின் நிறத்தை வைத்தே விலை தெரியும்.

சைவக்காரர்களுக்கு இரண்டுமே சிரமம்தான். ஆனாலும் சுஷிக் கடையில் வெள்ளரிக்காய் வைத்த கப்பாமாகி கிடைக்கும். இசகாயாவிலோ வேகவைத்த காய்கறியில்கூடப் பெரும்பாலும் மீன்சாறு இருக்கும், கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.