களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்: மூன்று வழிகளில் எது நிலைக்கும்?

களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பயிர் என்றதும், "மரபணு மாற்றியதா, இல்லையா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். என் கேள்வி வேறு. அதே வித்தையைக் களை கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும்?

முதலில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. செடி மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை இது முடக்குகிறது. இதற்கு மசியாத நொதியின் மரபணுவை மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்து, 1996-ல் அமெரிக்காவில் சோயாவில் கொண்டுவந்தார்கள். மருந்து வேர்வரை இறங்குவதால் பல்லாண்டுக் களையும் காய்ந்தது. அப்புறம் வருடா வருடம் அதே மருந்துதான். கீரை இனத்தைச் சேர்ந்த பால்மர் அமரந்த் என்ற களை இதற்கு ஈடுகொடுத்த விதம் என்னை இன்றும் அசரவைக்கிறது. ஜார்ஜியா மாநிலத்துச் செடிகளைச் சோதித்தபோது, சிலவற்றில் அந்த நொதியின் மரபணு 160 மடங்குக்கும் மேல் பெருகியிருந்தது. மருந்து எவ்வளவு நொதியைப் பிடித்து முடக்கினாலும், செடி பிழைக்க மிச்சம் இருந்தது.

அடுத்தது இமாசெதாபைர் வகைக் களைக்கொல்லி. இதைத் தாங்க வேற்று மரபணுவே வேண்டாம். பயிரின் சொந்த நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும். எளிமைதான், ஆனால் ஆபத்தும் அங்கேதான். அதே மாற்றம் களையிலும் தானாக நிகழும். நெல்லில் இன்னும் மோசம்: வயலில் களையாக முளைக்கும் களைநெல்லும் நெல்லும் ஒரே இனம், மகரந்தம் வழியாகவே மரபணு தாவிவிடும்.

மூன்றாவது களைக்கொல்லியான குளூபோசினேட்டைத் தாங்கும் வழி பயிரின் நொதியைத் தொடுவதில்லை, மருந்தையே செயலிழக்க வைக்கிறது. அதற்கான மரபணு, அந்த நஞ்சைத் தானே சுரக்கும் ஒரு மண் நுண்ணுயிரின் தற்காப்பு. எதிர்ப்புப் பெற்ற களைகள் இதற்கும் உண்டு, ஆனால் மற்ற இரண்டையும்விட மிகக் குறைவு. குறை என்னவென்றால், மருந்து பட்ட இலைதான் கருகும். வளர்ந்த களை அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், களை சின்னதாக இருக்கும்போதே அடிக்க முடிகிறவருக்குக் குளூபோசினேட் என்பேன். களைநெல் உள்ள வயலில் இமாசெதாபைர் ரகத்தை அடுத்தடுத்து விதைக்கவே கூடாது.

எதை அடித்தாலும் சரி, இரண்டு மூன்று வாரம் கழித்து வயலுக்குள் நடந்து பாருங்கள். காய்ந்துபோன களைகளுக்கு நடுவே அதே இனத்தில் ஒன்று மட்டும் பச்சையாக நின்றால், பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள். பால்மர் அமரந்தின் ஒரு பெண் செடியே சில லட்சம் விதைகளை உதிர்க்கும்.