வேர்ட்பிரஸ் ஷெட்யூல்: காலை 7 மணிக்குக் கைகொடுக்குமா?

கணவன், மனைவி இருவரும் முழுநேர வலைப்பதிவர்கள் என்றால் காலை 7 மணி குக்கர் விசிலுக்கும் லன்ச் பாக்ஸுக்கும்தான் சரியாக இருக்கும். அந்நேரத்துப் பதிவை முதல்நாள் இரவே வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸில் ஷெட்யூல் செய்துவிடலாம், அதாவது தானாக வெளியாகும் நேரத்தைக் குறித்துவிடலாம். தனிச் செலவில்லாத, உருப்படியான வசதி. ஆனால் இரண்டு இடத்தில் காலை வாரும்.

தளத்தின் நேரமண்டலம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் 7 மணிப் பதிவு நம்மூரில் பகல் 12.30க்குத்தான் வரும், செட்டிங்ஸில் 'கொல்கத்தா' என மாற்றுங்கள்.

பெரிய தலைவலி, குறித்த நேரத்து வேலைகளைத் தொடங்கிவைக்கும் வேர்ட்பிரஸின் கிரான். யாராவது தளத்தைத் திறந்தால்தான் அது கண்விழிக்கும்; ஆள் நடமாட்டமில்லாத தளத்தில் 'மிஸ்டு ஷெட்யூல்' என்று பதிவு அப்படியே கிடக்கும். டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் இந்தக் கிரானை நிறுத்திவிட்டு, ஹோஸ்டிங் பேனலில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை டபிள்யூபி-கிரான் கோப்பை அழைக்கும் கிரான் ஜாப் (யாரும் தளத்தைத் திறக்காவிட்டாலும் சர்வரே நேரம் பார்த்து ஓட்டும் வேலை) போடுங்கள். நிறுத்திவிட்டு ஜாப் போட மறந்தால் ஷெட்யூல் செய்த எந்தப் பதிவுமே வெளிவராது!